அக்குளில் கட்டிய நெறி

அண்ணா,

போன வாரம் நான் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனி லைனில் தகடு ஒன்று கையுறையையும் கிழித்துக்கொண்டு விரலில் ஏறிவிட்டது. நர்ஸ் அதே கையில், ரணஜன்னி வராமலிருக்க டி.டி. தடுப்பூசி போட்டார். மறுநாள் தலை வாரக் கையைத் தூக்கினால் அக்குளில் வலி. தொட்டுப் பார்த்தேன், நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. முன்பு எனக்கு வந்த ரத்தப் புற்றுநோயும் கழுத்தில் இப்படி ஒரு கட்டியோடுதானே வந்தது.

அப்போது உன் ரத்தத்திலிருந்து, புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல் எடுத்துத்தான் எனக்கு ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் என் தனியறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போனில் வம்பு பண்ணினாய். "நம்ம மாடில குடி கீற பசங்க மாரி, நானும் இனிமே உன் ஒடம்புல குடித்தனம். அட்வான்ஸ்லாம் தர மாட்டேன், சொல்ட்டேன்!"

நான் தேறினேன். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த உன்னை ஹைவேயில் லாரி அடித்துப் போட்டது. உன்னை முழுசாக எரித்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவே இப்போதும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "நோய் திரும்பியிருந்தா உன் பழைய செல் தெரியும். இல்லேன்னா எல்லாம் உங்க அண்ணன் செல்லாத்தான் இருக்கும்" என்றார். முடிவு வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று வந்தது. என் பழைய செல் எதுவும் தட்டுப்படவில்லை. பெண் என் உடம்பில் ரத்தம் முழுக்க ஆண் ரத்தம், உன்னுடையது. ஊசி மருந்தைக் கண்டதும் உன் செல்கள் விழித்துக்கொண்டனவாம். இரண்டாகப் பிரியும் முன் ஒவ்வொன்றும் தன் டி.என்.ஏ.வைப் புதிதாக இன்னொரு படி எழுதிக்கொள்ளுமாம். "அந்த வேல நடக்கிற எடந்தான் வீங்கியிருக்கு. பயப்படாதே" என்றார் டாக்டரம்மா.

பிழைத்தேன் என்று சந்தோஷம்தான். ஆனாலும் உடம்பு சில்லிட்டுப் போனது. ஒவ்வொரு செல்லிலும் இருப்பது உன் டி.என்.ஏ. அல்லவா? செத்த பிறகும் என் கைக்கடியில் உட்கார்ந்து உன்னையே நீ எழுதிக்கொண்டிருக்கிறாய்.

அம்மாவிடம் சொன்னேன். என் கையைத் தூக்கி, கட்டியின்மேல் விரல் வைத்தாள். "சூடா கீதுடி" என்றாள். வெகுநேரம் விரலை எடுக்கவேயில்லை.

இன்று காலை கட்டி பாதிக்கு மேல் வற்றிவிட்டது. வேலை முடிந்து மறுபடி தூங்கப் போகிறாய் போலிருக்கிறது. நான் கிளம்பும்போது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள், "அந்த ஊசிய இன்னொரு தபா போட்டுக்கினா இன்னாடி?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று லைனில் நான் கையுறை போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் சூப்பர்வைசரிடம் சொன்னேன், அண்ணா.