இசைத்தட்டில் கேட்ட கீறல்

என் வீட்டு மகாராணிக்கு, தூரத்தில் கிடக்கும் உன் வேலைக்காரன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே இசைத்தட்டு அடிக்கிற கம்பெனியில் என்னை ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கீறல் சத்தம் வந்தால் தட்டை ஒதுக்க வேண்டும். இப்போது ஓடுவது, டெக்னோ பாட்டை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவருடைய பழைய பாட்டுகளின் தொகுப்பு. பாட ஆளே கிடையாது, எல்லாம் மெஷின். நேற்று 'டிக் டிக்' என்று கேட்கவும் நாற்பது தட்டை ஒதுக்கிவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்து கேட்டுவிட்டு, "அண்ணே, அது கீறல் இல்ல. அதான் பாட்டே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேலை போகவில்லை, பயப்படாதே.

புத்தி எங்கே போயிருந்தது என்றா கேட்கிறாய்? எலெக்ட்ரீஷியன் மூன்றாம் முறையும் வந்து ஃபேனைப் பார்த்தார், தங்கமான மனுஷன் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான். ஒரு ஃபேனுக்கு எத்தனை தடவை ஏணி ஏறும் அந்தத் தங்கம்? "இங்கயும் இல்லாத கீறலத்தான் கேக்குறீங்க" என்பாய். இருக்கட்டும். அவருக்குக் காப்பி கொடுத்தால் சர்க்கரையைக் குறைத்துப் போடு. என் நீலச் சட்டையைத் தினமும் வாசல் கொடியில் காயப்போடு. துவைக்கக்கூட வேண்டாம், நனைத்துப் போட்டால் போதும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் ஒரே புருஷன்