மேல்மாடியில் நாங்கள் பார்த்த பக்கம்

லெ காப், 1785 ஜனவரி 20

என் அன்பு மகன் லாசாருக்கு, அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை உர்சூலும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருமுன் சேதி சொல்லிவிடுகிறது. நீயும் கடல் தாண்டிப் போர்தோவில் அந்தக் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் தொப்பிக்கடையில் வேலை பார்க்கிற நீ உன் தலையிலும் ஒரு தொப்பி வைத்துக்கொள். போன கடிதத்தில் வேர்க்கடலை உருண்டை வேண்டும் என்று எழுதியிருந்தாய், அனுப்பியிருக்கிறேன், கப்பலில் எலி தின்றது போக மிச்சம் உனக்கு. கொய்யாப்பழப் பாகு ஜாடியைத் திறக்கும்போது துணியை மெதுவாக அவிழ், அது நல்ல மதராஸ் கட்டத்துணி, கிழித்துவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. உர்சூலுக்கு மேடையில் பாட வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். நான் நாடகக் கொட்டகைக்கு உடை தைக்கப் போகும்போதெல்லாம் கூடவே வந்து, வயலின் வாசிக்கிற சிப்பியோனிடம் ஒவ்வொரு பாட்டாகக் காதால் கேட்டே படித்தவள். அந்த சிப்பியோன் இன்னும் சர்க்கரை வியாபாரி ஒருவனின் அடிமைதான், அவன் விரல் சம்பாதிப்பதெல்லாம் அந்த வியாபாரிக்குத்தான் போகிறது. போன வருஷம் உர்சூல் கொட்டகை நடத்துகிற கிளவெரோல் துரையிடம் போய் வாய்விட்டுக் கேட்டாள். அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குரல் சரிதான், தோல்தான் சரியில்ல. இந்த நிறத்த மேடையில ஏத்துனா கீழ உக்காந்திருக்கற துரைமாருங்க நாற்காலியத் தூக்கி வீசுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் அப்போதே மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா, பெரிய வேஷம் எல்லாம் கட்டுகிற பெல்வால் துரைசானிக்குக் காய்ச்சல் வந்து, காய்ச்சல் போனது, கூடவே குரலும் போய்விட்டது. பேசினால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கிறது. ஆனால் கவர்னர் வருகிற நாடகம், விளம்பரமெல்லாம் ஒட்டியாகிவிட்டது. உடனே கிளவெரோல் துரை எங்கள் வீட்டுப் படியேறி வந்தான் அப்பா, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு! அக்கம்பக்கம் முழுக்க ஜன்னலில்தான் நின்றது. "துரைசானி முன்னால நின்னு வாயசைப்பாங்க, உன் மக உள்ள மறைஞ்சு நின்னு பாடட்டும். ஒரு ஈ எறும்புக்கும் தெரியக்கூடாது. இது நல்லா நடந்தா ஆயுசுக்கும் இந்த வேலை அவளுக்குத்தான்" என்றான். ஆயுசுக்கும்! அவன் போனதும் உர்சூல் தலைத்துணியை அவிழ்த்து வீசிவிட்டு, "என் குரலுக்கு அவ மூஞ்சியாம்மா? ஒரு தடவை ஒளிஞ்சு நின்னுட்டேன்னா அப்புறம் என்னைச் சாகற வரைக்கும் உள்ளயேதான் நிக்க வைப்பான்" என்று அழுதாள். அவள் சொன்னது சத்தியம். ஆனாலும் நான் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. மேடைக்கு இடப்பக்கம், காட்சி வரைந்து நிறுத்தியிருக்கிற மூன்றாவது சீலைத்தட்டி ஓரமாக அவள் நிற்க வேண்டும், அங்கேதான் காற்று வரும், இல்லாவிட்டால் புழுக்கத்தில் மயங்கி விழுந்துவிடுவாள் என்றேன். இவ்வளவுதானா என்று துரைக்கு ஒரே சந்தோஷம்.

பாவம், அவன் ஒரு நாளாவது எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தால்தானே! எங்கள் ஜனங்களுக்கென்று ஒதுக்கிய வலப்பக்க மேல்மாடி எப்படிப்பட்டது என்று நீ மறந்திருக்க மாட்டாய், கூரையில் தலை இடிக்கும், மேடையில் பாதி தெரியாது. ஆனால் இடப்பக்கத் தட்டிகளுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் தெரியும். ராஜா சிம்மாசனம் ஏறுமுன் பூண்டு போட்ட இறைச்சி மெல்லுவதையும் சிறகு கட்டிய சம்மனசு முதுகு சொறிவதையும் பன்னிரண்டு வருஷமாக நாங்கள்தானே பார்க்கிறோம். நாங்கள் எதையும் பார்க்கக்கூடாது என்று உயரத்தில் ஏற்றி உட்கார வைத்தார்கள், அது இப்படி வாய்த்தது.

நாடகத்தன்று மேல்மாடியில் ஊசி விழ இடமில்லை. சேதியைப் பரப்பியது மீன் விற்கிற கோத்தோன்தான், அவளிடம் ஒரு ரகசியம் சொன்னால் போதும், தண்டோராக்காரன் வேண்டாம். ஆனால் எல்லாரிடமும் நான் கறாராகச் சொல்லிவிட்டேன், ஒரு சத்தம் வரக்கூடாது, கைதட்டக்கூடாது, வெள்ளைக்கார அம்மாளை அவமதித்தார்கள் என்று ஒரு சொல் கிளம்பினால் நம் கதி என்ன என்று தெரியும், ஆகவே பார்க்க மட்டும் செய்யுங்கள், கண்ணை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இன்னும் நமக்குச் சட்டம் போடவில்லை என்று. கோத்தோன் என்னை முறைத்து, "அப்படின்னா என் வாயத் தச்சிரு ஃபெலிசித்தே அக்கா, ஊசிதான் எப்பவும் உன் கழுத்துலயே தொங்குதே" என்றாள். தைத்திருக்கலாம்தான்.

மாலை ஐந்தரைக்குத் தொடங்கினார்கள். மூன்றாவது காட்சியில் பெரிய பாட்டு. துரைசானி நான் தைத்த வெள்ளிச்சரிகை உடையில் வந்து நின்று வாயைத் திறந்தாள், உர்சூலின் குரல் எழும்பியது. லாசார், என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, கீழே விசிறிகளெல்லாம் அப்படியே நின்றுவிட்டன. மேலே நாங்கள் இருநூறு பேரும் துரைசானியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அத்தனை தலையும் இடப்பக்கம். முதலில் ஒரு அதிகாரியின் பெண்டாட்டி எங்களை அண்ணாந்து பார்த்தாள், பிறகு நாங்கள் பார்க்கிற பக்கம் பார்த்தாள், அவளுக்குத் தட்டிதான் தெரிந்தது. புருஷனின் தோளை இடித்தாள். ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒருவன் எழுந்தே நின்றான். முதல் அடி முடிந்து வாத்தியம் மட்டும் ஒலிக்கும்போது, ஒரு தடித்த கப்பல் கேப்டன் பொறுக்க முடியாமல் மூச்சு வாங்க எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டான். நாங்கள் கீழே இறங்கத்தான் தடை, அவர்கள் மேலே ஏறத் தடை இல்லையே. கோத்தோன் மரியாதையாக நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாள். இரண்டாவது அடி தொடங்கியது, அவன் பார்த்தான், கைப்பிடியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு, "அடப் பாவிகளா, இவ பாடவே இல்ல, வாயத்தான் அசைக்கிறா! பாடறவ உள்ள நிக்கறா, வெளிய கூப்பிடுங்கடா!" என்று கத்தினான். வெள்ளைக்காரன் வாயாலேயே வந்தது, பார். எங்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் கொட்டகை அதிர்ந்தது. வெளியே வா, வெளியே வா என்று மாலுமிகள் பெஞ்சை உதைத்தார்கள். துரைசானி ஒரு நொடி நின்றாள், தலையைக் குனியாமல் வலப்பக்கமாக நடந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், குரல் செத்துப்போன பெண்பிள்ளை. மறுநாள் உடை இடுப்பில் இறுக்கம் என்று ஆள் விட்டாள், உடனே பரிதாபம் போய்விட்டது. ஆனால் அந்த நேரத்தில் காவல் அதிகாரி கத்திப்பிடியில் கை வைத்து எழுந்ததைப் பார்த்தபோது என் விளையாட்டெல்லாம் மறந்து மாதாவைக் கூப்பிட்டேன். வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் சிப்பியோன் யாரையும் கேட்காமல் வில்லை எடுத்துப் பாட்டின் முதல் அடியை வாசித்தான். எங்களுக்காவது விடுதலைக் காகிதம் இருக்கிறது லாசார், அவனுக்குச் சவுக்கடி வாங்க முதுகுதான் இருக்கிறது. அவனுடைய முதலாளியோ கீழே உட்கார்ந்து, "என் ஆளு, வாசிக்கறது என் ஆளு!" என்று பெருமையாகக் கூவியதால் பிழைத்தான். உர்சூல் வெளியே வந்தாள். பலகையில் சத்தம் வரக்கூடாது என்று செருப்பைக் கழற்றி வைத்திருந்தாளாம், அப்படியே வெறுங்காலோடு வந்து நடுவில் நின்றாள். இந்த ஊரில் வெறுங்காலோடு நடப்பவர்கள் அடிமைகள்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். யாரும் நாற்காலியைத் தூக்கி வீசவில்லை. மூன்று தடவை பாட வைத்தார்கள்.

மறுநாள் கிளவெரோல் துரை ஒப்பந்தத்தோடு வந்தான், அடுத்த நாடகத்தில் அவள்தான் இளவரசி. விளம்பரத்தில் "ஓர் இளம் பெண்" என்று மட்டும் போடுவானாம், நம் ஜனங்களின் பெயரை மரியாதையாக அச்சடிப்பது வழக்கமில்லையாம். உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்படின்னா நான் பழையபடி தட்டிக்குப் பின்னாலயே நின்னுக்கறேன் துரை, எங்க ஜனங்க எங்க பாக்கணுமோ அங்க பாத்துக்குவாங்க" என்றாள். அந்தக் குறும்பு யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. துரை வியர்த்துப்போய் உர்சூல் என்று எழுதினான். மேடைக்குப் பட்டு, தெருவுக்குப் பருத்தி, எங்களுக்கு உள்ள சட்டம் அப்படி, ஆகவே இளவரசியின் உடையைக் கூடையில் போட்டு நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

ஒன்று மட்டும் உனக்கு உண்மை சொல்கிறேன், சந்தையில் கேட்கிறவர்களிடமெல்லாம் அவள் நின்ற அழகு, கையை வைத்த விதம், சிரித்த சிரிப்பு என்று தினமும் கதை அளந்துகொண்டிருக்கிறேனே, நான் எதையும் பார்க்கவில்லை. அவள் காலடி எடுத்து வைத்ததும் காவலர்கள் பாய்ந்து பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கோத்தோனின் தோளில் முகத்தைப் புதைத்தவள், மூன்றாவது தடவை பாடி முடிக்கிற வரை எடுக்கவில்லை. இருநூறு பேரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்தக் கொட்டகையில் என் பிள்ளையைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். பிப்ரவரி எட்டாம் தேதி அடுத்த நாடகம். அன்றைக்குப் பார்த்துவிட வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன், நீயும் செய்.

மாதா உன்னை நிழலாகக் காக்கட்டும், நல்ல புத்தியும் நல்ல பசியும் தரட்டும். ஞாயிறு பூசையை விடாதே, காலுறையை நனைந்தபடி போட்டுக்கொள்ளாதே, ஜாடியை மறக்காமல் திருப்பி அனுப்பு.

உன்னை முத்தமிடும்,
அம்மா ஃபெலிசித்தே