உன் கார்டில் நான் போட்ட டிக்

அண்ணா,

இன்று காலை வார்டில் ஊசிகளைக் கொதிக்க வைத்தபோது ஆவியோடு மருந்துப் புட்டிகளின் ரப்பர் மூடி வாசனையும் எழுந்தது. வெளியே நல்ல பனி. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சைனைடு மண்மேடு பாதி கரைந்து வானத்தோடு சேர்ந்திருந்தது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து மப்ளர் சுற்றிக்கொண்டு நீ வருவதுபோலவே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குக் காசம் என்றதும், ஷிப்டுக்குப் போவதுபோல் தினமும் என்னிடம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கு வந்தாய். சுரங்கத்தில் பாறையைத் துளைக்கிற ஆள், ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாய். நான் சிரிப்பேன். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, முகம் தெளிந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். உன்னோடு ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். நம் லைன் வீடுகளில் குழம்பைக்கூடப் பங்கு போட்டே பழக்கம்.

"எனக்குத்தான் நல்லாயிட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு? என் ஊசிய அவருக்குப் போடும்மா. ஆஸ்பத்திரிக்கு வந்தா வேலைக்கு எறக்க மாட்டாங்கன்னு பயந்துக்கினு கீறாரு."

கூடாது என்று நர்ஸுக்குத் தெரியாதா? ஆனால் உன் மனசை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஒரு மாதம் அவர் வீட்டுக்கே போய் அவருக்குப் போட்டேன். உனக்குப் போட்டதாக உன் கார்டில் டிக் போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் நீ ரத்தமாக இருமினாய். டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு, ஊசி எதையாவது விட்டாயா என்று உன்னைக் கேட்டார். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்படியென்றால் உடனே வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும் என்றார். நீ என்னைப் பார்த்தாய்.

"ஒண்ணுகூட வுடல சார்."

உண்மை தெரிந்தால் என் வேலை போய்விடும் என்பதால் சொன்னாய். நான் டிரேயைப் பிடித்தபடி நின்றேன். அதே ஊசியையே மறுபடி தொடங்கினார்கள். அது கேட்கவில்லை. மருந்தை மாற்றியபோது காலம் கடந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த ஒரு மாதம் போதவில்லை.

இப்போது யாராவது நல்லாகிவிட்டது என்று பாதியில் கிளம்பினால் வாசலை மறித்து நிற்கிறேன். ஒருவர் மருந்தை இன்னொருவருக்குத் தர விடுவதில்லை. சிடுமூஞ்சி சிஸ்டர் என்று பேர் வாங்கியாயிற்று. ஊசி போட்டு முடித்த பிறகே பேனாவைத் தொடுகிறேன்.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால் இந்த வேலை போயிருக்கும், அண்ணா. நீ இருந்திருப்பாய்.