வாசலுக்கு மேலே போன தெரு

ஜூன் 3

நகராட்சி ஆபீசில் பட்டியல் வேலை தொடங்கியாயிற்று. ரோடும் மழைநீர் வடிகாலும் கேட்டு நாற்பத்தொரு தெரு வரிசையில் நிற்கிறது. இந்த வருடம் ஏழுக்குத்தான் பணம். பாதி அரசுக் கடன், மீதி வீட்டு வரியோடு நகராட்சி வாங்கும் வடிகால் கட்டணம். எத்தனை குழி, எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, எத்தனை புகார் என்று தெருவுக்குத் தெரு மதிப்பெண் போடுகிறேன்.

அக்கா தெரு பன்னிரண்டாவது. அங்கே யாரும் இப்போது புகார் எழுதுவதில்லை. எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள். புகார் இல்லாததால் அதற்கான மதிப்பெண்ணும் இல்லை!

ஜூன் 8

அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். முன்பு ஏறிப் போன வீடு. தையல் மிஷின் செங்கல் மேல் நிற்கிறது. மழைக்காலம் வர இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே ஏற்றிவிட்டாள்.

“எந்தப் புண்ணியவான் ரோட்டை இப்படி ஏத்திவிட்டானோ, கையில கிடைச்சான்னா வாயைச் சேர்த்துத் தைச்சுடுவேன்” என்றாள்.

சிரித்து வைத்தேன்.

அந்தப் புண்ணியவான் நான்தான். பதினொரு வருடம் முன்பு. பழைய தாரைச் சுரண்டி எடுத்தால் செலவு, மேலேயே போட்டுவிடலாம் என்றார்கள். ஜல்லியும் தாருமாக முக்கால் அடி. அக்கா தெருவுக்குப் புது ரோடு வருகிறது என்ற சந்தோஷம் வேறு; கையெழுத்துப் போட்டேன். அப்போது நான் வேறு பிரிவில் இருந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

வேலைக்குப் புதுசு, என்ன தெரியும் — என்று எழுத வந்தேன். ரோட்டுக்கும் வாசலுக்கும் மட்டம் பார்க்கத் தெரியாதா என்ன? தெரியும்.

ஜூன் 19

நாள் முழுக்க வெயிலில் மட்டம் பார்த்தோம். அக்கா தெருத் தண்ணீர் கீழே வாய்க்கால் ஓரத் தெரு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே இருப்பது ஒடுக்கமான பழைய குழாய், பாதி மண். மேலே பெரிய வடிகால் கட்டிவிட்டுக் கீழே அப்படியே விட்டால், அக்கா வீட்டுத் தண்ணீர் அத்தனையும் அங்கே இருக்கும் இருபத்தெட்டு வீட்டுக்குள் போகும்.

கீழே இருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வருடப் பணத்தில் இந்த இரண்டு தெருவில் ஒன்றுதான் முடியும்.

ஜூன் 24

வார்டு உறுப்பினர் வந்தார். அக்கா தெருவை இந்த வருடமே எடுக்க வேண்டுமாம். அவருக்கு அங்கேதான் ஓட்டு அதிகம். என் அக்கா அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் அதிகாரிக்கு ஆபீசில் ‘சரி சார்’ என்று பெயர், யார் எது சொன்னாலும் அதையே சொல்வதால். இன்றும் சொன்னார். பிறகு என்னிடம், “அவரே கேக்கிறாரு. எழுதிட்டுப் போங்களேன்மா, உங்களுக்கு என்ன?”

எனக்கு என்ன? நல்ல கேள்வி.

ஜூன் 27

எழுதவில்லை. வாய்க்கால் ஓரத் தெரு முதலில், அக்கா தெரு அடுத்த வருடம் என்று மட்டக் கணக்கோடு வைத்துவிட்டேன். ‘சரி சார்’ முதல் தடவையாக ‘சரி’ சொல்லவில்லை; ஆனாலும் கணக்கை மறுக்க முடியாமல் மேலே அனுப்பினார்.

ஜூலை 13

பள்ளிக்கூட மண்டபத்தில் மக்கள் கூட்டம். வரைபடத்தை ஒட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். நான்காவது வரிசையில் அக்கா, கழுத்தில் அளவு டேப்போடு. தையல் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

எழுந்தாள். “நாங்க ஏன் இன்னும் ஒரு வருஷம் நனையணும்?”

சொன்னேன். கேட்டுக்கொண்டாள். உட்காரவில்லை.

“சரி. எங்க ரோட்டை வாசலுக்கு மேல ஏத்தினது யாரு? அதைச் சொல்லுங்க.”

‘சரி சார்’ மைக்கை வாங்கினார். “அது பழைய கதைம்மா, ஃபைல் பார்த்துத்தான்...”

ஃபைல் பார்க்க என்ன இருக்கிறது? மைக் இல்லாமலே சொன்னேன், “நான்தான். கையெழுத்து என்னோடது.”

கசமுசாவென்று சத்தம். யாரோ திட்டினார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 14

அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூலை 30

எடுக்கவில்லை. அவள் திட்டினால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 21

நகர்மன்றத்தில் பட்டியல் நிறைவேறியது, நான் வைத்த வரிசையிலேயே. உறுப்பினர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறேன்: எந்தத் தெருவானாலும் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது, எந்த வாசலுக்கு மேலேயும் ரோடு போகக்கூடாது. அந்த வரியை நாலு தடவை படித்துப் பார்த்தேன். பதினொரு வருடம் தாமதம்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. எப்படிச் சொல்வது?

அக்டோபர் 22

காலையிலிருந்து ஒரே மழை. மத்தியானம் போன். அக்கா!

“தண்ணி உள்ள வந்துடுச்சு. ஒத்தை ஆளா எவ்வளவுடீ தள்ளுவேன்? அங்க உட்கார்ந்து என்ன கிழிக்கிறே? வா.”

ஓடினேன். கணுக்கால் அளவு தண்ணீர். அவள் துடைப்பத்தால் தள்ள, நான் வாளியில் மொண்டு கொட்டினேன். இரண்டு மணி நேரம். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “ஓரத்துல தள்ளு”, “அந்தத் துணி மூட்டையைத் தூக்கு”, அவ்வளவுதான் பேச்சு.

மழை விட்டதும் வெளியே கூட்டிப் போனாள். ரோட்டுக்கும் படிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் குனிந்து, டேப்பை வாசற்படியில் வைத்து, கீழே அரை அடி அளந்து, படிச் சுவரில் துணிக்குக் குறிபோடும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள்.

“அடுத்த வருஷம் ரோடு இதுவரைக்கும்தான். ஒரு விரல் ஏறினாலும் இந்தப் பக்கம் வராதே.”

“ஏறாது. எழுதி வச்சிருக்கேன்.”

“ஆபீஸ்ல எழுதினது எனக்கு எதுக்கு?” சாக்பீஸை என் கையில் திணித்தாள். “கையெழுத்துப் போடத்தான் உனக்கு நல்லா வருமே. போடு, இங்க.”

போட்டேன். ஈரச் சுவரில் சரியாக விழவில்லை. நன்றாகத் தெரியும்வரை பக்கத்திலேயே நின்றாள். மூன்று தடவை போட வேண்டியிருந்தது.