தொட்டால் நிறுத்து

தம்பி,

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இனி நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

மூன்று வாரமாக எல்லோரும் சேர்ந்து கதையை ஆற்றங்கரை வரை கொண்டுவருகிறோம். கிழட்டுப் படகுக்காரனாக நான் இருமி இருமிப் பேச ஆரம்பித்ததும் ஒவ்வொரு வாரமும் உன் வீரன் படகுக்குத் தீ வைக்கிறான். "என் ஆளு அப்படித்தான், பகடைய உருட்டு" என்று சிரிக்கிறாய். போன வாரம் சிவ் ஏலக்காய் ரொட்டியைக்கூடத் தொடாமல் எழுந்தாள். "அவன் வந்தா நான் வரல" என்றாள். நானும் சரி என்றுவிட்டேன்.

நேற்று டிராமில், ஆட்டத்தில் உன் பக்கத்தில் உட்காரும் டூர்கெல் கேட்டான்: "முதல் வாரமே அவன் சிவப்புச் சீட்டத் தொட்டானே, நீ ஏன் நிறுத்தல?"

யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது என்று அந்தச் சீட்டை மேசை நடுவில் வைத்ததே நான்தான். நீ சிந்திய காப்பியைத் துடைக்கிறாய் என்று நினைத்தேன். படகுக்காரனை இன்னும் பலமாக இருமவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாயா?

அப்பா இறந்தபிறகு அப்படியே தொங்கிக்கொண்டிருந்த அவரது கம்பளிக் கோட்டை இன்று யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். பைக்குள் பாதி தீர்ந்த இருமல் மிட்டாய்ப் பொட்டலம். படகுக்காரனுக்கு நான் கொடுத்த அந்த இருமல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

நான் காரணம் கேட்கவில்லை. ஞாயிறு வா. சீட்டை உன் கையருகே வைப்பதா, என் கையருகேயா என்பதுதான் தெரியவில்லை.

உன் அக்கா