பேர் சொல்லாத புத்தகம்

அண்ணே,

இன்றைக்குக் காலை ரயிலில் நீலகிரித் தைலம் வாசனை வந்தது. திருவொற்றியூரில் ஏறிப் பையை மேலே வைக்கக்கூட இல்லை, அதற்குள் மூக்கில் ஏறிவிட்டது. உங்கள் ஜன்னலோரத்தைத்தான் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பேன்? அங்கே ரேவதி உட்கார்ந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீஞ்சூரில் பேக்கிங் வேலைக்குப் போகிற பெண். நீங்கள் போன பிறகு நம் கூட்டத்தில் சேர்ந்தவள். "தலவலிக்கா" என்றாள். சரி என்று எதிரே உட்கார்ந்தேன். மனசுதான் உட்காரவில்லை.

உங்களுக்கும் அதே வாசனைதான். கைக்குட்டையில் தைலம் விட்டு மடித்து வைத்துக்கொண்டு ராயபுரத்தில் ஏறி வருவீர்கள். கேட்டால், "சளிம்மா, வேற இன்னா" என்பீர்கள். வருஷம் முழுக்க யாருக்கய்யா சளி பிடிக்கும்? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நமக்குத்தான் கதை கேட்கவே ரயிலில் நேரம் போதாதே.

"இன்னா ஓடிகினு கீது?" என்று நீங்கள்தான் தினமும் ஆரம்பித்து வைப்பீர்கள். அவரவர் இப்போது படிக்கிற புத்தகத்தை, படித்த பக்கம் வரைக்கும் சொல்ல வேண்டும். கலா டீச்சர் சொல்லும்போது பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும். கிரேன் ஓட்டுகிற மாணிக்கம் சண்டைக் காட்சி வந்தால் எழுந்து நின்றுவிடுவான். அவன்தான் ஒரு தடவை டீச்சர் பாதியில் நிறுத்திய புத்தகத்தை லைப்ரரியில் எடுத்து, முடிவை ரயிலிலேயே உளறிக் கொட்டினான். டீச்சர் அவனோடு பல நாள் பேசவில்லை. அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது: படித்து முடிக்கிற வரைக்கும் புத்தகத்தின் பேரை யாரும் சொல்லக் கூடாது, அட்டையைக் காட்டக் கூடாது. சட்டம் போட்டதே நீங்கள்தான். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியாக நீங்கள் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? என்ன கேள்வி இது, உங்களுக்கு இல்லாமலா! ஏதோ வெளியூர், சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிற ஓர் ஆள். நெஞ்செல்லாம் தூசி. படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான். அவன் பெண்டாட்டி ஒன்றும் கேட்பதில்லை, பொழுது சாய்ந்ததும் இரண்டாவது தலகாணியை எடுத்து வந்து பீரோ பக்கத்தில் வைக்கிறாள். அவ்வளவுதான். "தெர்ஞ்சி வெக்கிறாளா தெர்யாம வெக்கிறாளான்னு அவனுக்கே புரியல" என்று சொல்லி நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினீர்கள். வெளியே எண்ணூர் புகை. அதற்குத்தான் இருமுகிறீர்கள் என்று நினைத்தோம்.

அத்திப்பட்டு வந்ததும் நீங்களும் நானும் சேர்ந்துதான் இறங்குவோம். நான் லாரி எடை போடுகிற இடத்துக்கு, நீங்கள் அனல்மின் நிலையத்துச் சாம்பலை லாரியில் ஏற்றுகிற இடத்துக்கு. சாயங்காலம் திரும்பும்போது உங்கள் புருவமெல்லாம் சாம்பலாக இருக்கும். அப்படியும் சுண்ணாம்பைச் சுண்ணாம்பு என்றே நம்பிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தேனே, எனக்கு என்ன கண் அவிந்தா போயிற்று?

ஒருநாள் நிறுத்தி, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துக் கேட்டீர்கள். "ஆஸ்பத்திரில நுரையீரல் ரெண்டு பக்கமும் போச்சின்னு சொல்ட்டாங்கோ. வேலய வுடச் சொல்றாங்கோ. அவன் வூட்ல சொல்லணுமா, வாணாமா? நீங்க இன்னா நெனைக்கிறீங்கோ?"

கேட்டது நீங்கள். பதில் சொன்னதோ வாசகர்கள்! டீச்சர், "சொன்னா அழுவாச்சிக் கதையாயிடும்" என்றார். மாணிக்கம், "அவன வேல வாங்குற சூள மேஸ்திரிய ரெண்டு தட்டு தட்டணும்" என்றான். நான் என்ன சொன்னேன்? "சொல்லவே கூடாதுண்ணே. சொல்லிட்டா கதை அங்கயே படுத்துடும். அவன் கடைசி வரைக்கும் உள்ளயே வச்சிகினு போனாத்தான் மனசுல நிக்கும்" என்றேன். ரசித்து ரசித்துச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "அப்டியா சொல்ற? பாக்கலாம், இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரல" என்றீர்கள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான் வந்தீர்கள். ஒரு வாரம் உங்கள் இடம் காலியாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று மாணிக்கத்துக்கு யாரோ சொல்லி, அவன் எனக்குச் சொன்னான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தோம். ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற உங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறோம், பாருங்கள், இத்தனை வருஷப் பழக்கத்தில். நீங்கள் பாதியில் விட்ட புத்தகத்தை அண்ணியிடம் கேட்டு வாங்கி, மிச்சத்தை ரயிலில் மாற்றி மாற்றிப் படிக்கலாம் என்று மூன்று பேரும் பேசிவைத்திருந்தோம். உங்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தோம்.

"எந்த புக்கும்மா?" என்றார் அண்ணி. "கண்ணுல புரை வந்ததிலேர்ந்து அவரு எங்க படிச்சாரு? பேப்பர் கூட நான்தான் படிச்சிக் காட்டுவேன்."

அப்போதுதான் பார்த்தேன். சுவர் ஓரமாக பீரோ. அதில் சாய்த்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலகாணி. இன்னும் யாரும் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி என்னைத்தான் கேட்டார். "உங்க கிட்டயாவது சொன்னாரா?"

"சொன்னாரு அண்ணி. கதையா சொன்னாரு."

"அதுல நான் வர்றனா?"

தலகாணியைப் பற்றி நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அண்ணி அழவில்லை. பீரோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியும்மா. அந்த இருமலுக்குத் தெரியாமலா? இவரு வாயால சொல்லட்டும், கைய புட்ச்சி இழுத்துகினு போயி வேலய வுட வெக்கலாம்னு காத்துகினே இருந்தேன்."

கேட்டீர்களா அண்ணே? அந்தப் பக்கம் ஒருத்தி காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் நாங்கள் கதை நன்றாக முடிய வேண்டும் என்று உட்கார்ந்திருந்தோம். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. "எனக்கு ஒடம்பு சரியில்ல" என்று மூன்றே வார்த்தை சொல்ல என்னய்யா கேடு உங்களுக்கு? கதை என்று சொன்னால் கதை என்றுதானே கேட்போம், பாவி மனுஷா! இப்படித் திட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் அழுகை வந்துவிடுகிறது.

அதிலிருந்து அந்தச் சட்டம் செத்தது. யார் எந்தக் கதை சொன்னாலும் முதலில் புத்தகத்தைக் கையில் எடுத்துக் காட்டு என்பேன். "இன்னாடா இது போலீஸ் மாதிரி" என்று மாணிக்கம் முணுமுணுப்பான், ஆனாலும் காட்டிவிடுவான்.

இன்றைக்கு ரேவதி முறை. தைல பாட்டிலை மூடாமலே ஆரம்பித்தாள். "கதைல ஒரு பொண்ணுக்கா. புருஷன் அடிக்கிறான். அம்மா போன் பண்ணா நல்லா கீறேன்னு சொல்லிடுறா. அவ அம்மா வூட்டுக்குப் போயிடலாமா? நீங்கள்லாம் இன்னா நெனைக்கிறீங்கோ?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ரேவதியிடம் கையை நீட்டினேன். "புக்கக் காட்டு."

"வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்க்கா." சொல்லிவிட்டு முந்தானையால் நெற்றியை மூடிக்கொண்டாள்.

எண்ணூர் தாண்டிவிட்டது. நான் எழுந்துபோய் உங்கள் ஜன்னலோரத்தில் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கதைய வுடு ரேவதி. உனக்கு இன்னாச்சி, சொல்லு" என்றேன்.

அத்திப்பட்டு வந்தது. நான் இறங்கவில்லை. மீஞ்சூர் வரைக்கும் அவள் அழுது அழுது பேசினாள். அவள் கையை நான் விடவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணே.