தலைவருக்கு ஒரு தங்க நிற நாற்காலி

பிப்ரவரி, ஞாயிறு இரவு

அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் தில்லி கரோல் பாக் குடியிருப்புச் சங்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்தவள் நான். பள்ளியில் சரித்திரம் எடுப்பவள் என்பதால் ரோமானியக் குடியரசைப் பார்த்தே எழுதினேன். இரண்டு தலைவர்கள், ஓராண்டுப் பதவி, ஒருவர் போடும் உத்தரவை மற்றவர் தடுக்கலாம். போன கோடையில் தண்ணீர் லாரித் தகராறு வந்தபோது, ஆறு மாதத்துக்கு மட்டும் முழு அதிகாரத்தையும் இரு தலைவர்களில் ஒருவரான ராமநாதனிடம் கொடுத்தோம். ரோமிலும் ஆபத்துக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். தண்ணீர் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை.

இன்று அவரை நிரந்தரத் தலைவராக்கக் கூட்டத்தில் கை தூக்கினார்கள். நான் எழுந்து, "சீசரையும் இப்படித்தான் ஆயுசு முழுக்கத் தலைவராக்கி..." என்று தொடங்கினேன்.

"அரே டீச்சரம்மா, ரோம் கதையெல்லாம் கிளாஸ்ல வச்சுக்குங்க. ஜல்தி முடிங்க," என்றார் ராமநாதன். கூட்டமே சிரித்தது.

வேறு விதமாக முடித்தேன். தலைவருக்குத் தங்க நிற நாற்காலி, அவர் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பது, பொங்கல் விழாவுக்கு அவர் பெயர். மூன்றையும் நானே முன்மொழிந்தேன்.

"அச்சா, இப்பத்தான் நல்லாப் பேசறீங்க!" என்று பூரித்துப்போனார். வருஷாவருஷம் விழாவுக்கு உழைக்கும் பெண்களின் முகம் அப்போதே சுண்டிவிட்டது.

சீசருக்கும் தங்க நாற்காலி போட்டார்கள். ஜூலை என்று ஒரு மாதத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஊரே வெறுக்கட்டும் என்று அவருடைய எதிரிகளும் சேர்ந்துதான் வாரிக் கொடுத்தார்கள். அந்தக் கதையைத்தான் ராமநாதன் கேட்க மாட்டேன் என்றார்.

நாளைக் காலையே கடைக்குப் போகிறேன். இருப்பதிலேயே பெரிய நாற்காலியாகப் பார்க்க வேண்டும். உட்காரட்டும்.